வல்லை வெளியில் ஒரு தாய்லாந்துப் போத்தல்

போன சனிக்கிழமை மகள் என்னை ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இருப்பது நோர்வேயில், பேர்கன் நகரத்தில். எந்த நேரமும் மழை. உறைப்பாக ஏதாவது கிடைக்காதா என்று நாக்கு அலைகிற ஊர். "வெள்ளைக்காரருக்கு எண்டு மாத்திச் சமைக்கிற கடையில்லை அம்மா, அசல் தாய்லாந்துச் சாப்பாடு" என்றாள். எனக்கென்ன, சாப்பாடு என்றால் குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நிற்பேன்.

கறி வருவதற்கு முன் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. சாயத் தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்குள் வட்டமாக வெட்டிப் போட்ட மிளகாய். அதன் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, ஒரு கிண்ணத்தைக் கண்டு நடுங்குகிறேன். சிரிப்பதென்றால் சிரித்துவிடுங்கள்.

"இது என்னம்மா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

பொய். எனக்குத் தெரியும். அது மீன் சோஸ். பத்து வயதிலிருந்து தெரியும்.

என் அப்பா கப்பற்காரர். பருத்தித்துறைப் பக்கத்தில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வீட்டுக்கு ஒருவர் கடலில்தான் இருப்பார். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து நாலாம் ஆண்டு, விடுமுறை விட்ட அன்று, கொழும்பு றெயிலால் இறங்கிய அப்பா நேரே விடுதி வாசலுக்கு வந்து நின்றார். தோளில் கப்பல் பை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கவேண்டும் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தேவையில்லாமல் இரண்டு தரம் கடந்தேன்.

ஊருக்கு ஏறிய பஸ் கோப்பாயைத் தாண்டும் வரைக்கும் பாங்கொக் கதைதான். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் ஒரு பெண் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம். நாலு மேசைதானாம். பப்பாசிக் காயைச் சீவி உரலில் போட்டு இடிப்பாளாம். தேங்காய்ப்பாலில் இறால் காய்ச்சுவாளாம்.

"ரம்பை இலை வாசம் அடிக்கும் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எங்கடை குசினிதான். கண்ணைத் திறந்தால் ஆரின்ரையோ ஊர்."

நின்ற நாலு நாளும் அங்கேதான் சாப்பிட்டாராம். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு போத்தலைக் கையில் கொடுத்துவிட்டாளாம். அதில்தான் ருசியின் சூட்சுமம் முழுக்க இருக்கிறதாம். "நாளைக்கு உனக்கு அந்தக் கறி காய்ச்சித் தாறன்" என்றார். போத்தல் பையில், அவர் உடுக்கிற சாரத்தில் சுற்றி இருந்தது. கொஞ்சம் கசிந்து மணத்தது. முன்சீட்டில் இருந்த மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் நானும் எங்களுக்கு ஒன்றும் தெரியாதது போல வெளியே பார்த்தோம்.

இந்த இடத்தில் அம்மா படிப்பித்த ஒரு பாடத்தைச் சொல்லவேண்டும். எனக்கு மட்டுமில்லை, அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பாடம் உண்டு. "ஆமிக்காரன் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. தெரியும் எண்டால் அடுத்த கேள்வி வரும்." அம்மா என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குவாள். பக்கத்து வீட்டில் ஆர் இருக்கினம்? தெரியாது. அந்தச் சைக்கிள் ஆரின்ரை? தெரியாது. வாய்ப்பாட்டில் கோட்டை விடுவேன், இதில் ஒருநாளும் விட்டதில்லை.

வல்லை வெளியில் பஸ்ஸை மறித்தார்கள். மரம் மட்டை இல்லாத வெறும் வெளி அது. உச்சி வெயில். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். ஒரு சிப்பாய் அப்பாவின் பையைக் கவிழ்த்தான். சாரம் அவிழ்ந்து போத்தல் உருண்டது. அதில் ஒட்டியிருந்த தாளில் தமிழுமில்லை, சிங்களமுமில்லை, இங்கிலீசுமில்லை, பூச்சி ஊர்ந்தது போன்ற எழுத்து. அவன் மூடியைத் திறந்து மணந்தான், திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனான். துவக்கு அப்பாவின் நெஞ்சுக்கு நேரே எழும்பியது. இருபது வயதுகூட இராது அவனுக்கு. போத்தலில் ஏதோ குண்டுச் சாமான் என்று அவனும் பயந்ததைக் கண்டேன். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

"மொகத மே?" இது என்ன என்று கத்தினான்.

அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மீன் சோஸ் என்றார், சாப்பாட்டுக்கு என்றார், கப்பல் புத்தகத்தைக் காட்டினார். அவருடைய கெட்ட காலம், கப்பல் என்ற சொல்லே அவர்களுக்குப் பிடிக்கவில்லை; இயக்கத்துக்குக் கடலால்தான் ஆயுதம் வருகிறது என்று சந்தேகப்பட்ட காலம். அதிகாரி ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கூடாரம். அதன் நிழலில் ஏற்கெனவே இரண்டு பேரை முழங்காலில் இருத்தியிருந்தார்கள். அப்படி இருத்தியவர்களை விட்டுவிட்டுத்தான் பஸ் போகும் என்று எனக்குத் தெரியும். அப்பா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதிகாரி குனிந்து, தமிழில், நல்ல மென்மையாகக் கேட்டான்.

"தங்கச்சி, இது யாரு? உங்க அப்பாவா?"

"தெரியாது" என்றேன்.

ஐயோ, அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததை நானே கேட்டேன். அள்ளி எடுக்க முடியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன். "பயப்பிடாதை பிள்ளை" என்றார். சிப்பாய் அவருடைய தோளில் துவக்குப் பிடியால் இடித்தான்.

அதிகாரி போத்தலை நீட்டினான். சாப்பாடு என்றால் குடி என்றான்.

அப்பா குடித்தார். அது கல்லுப்பும் மீனும் சேர்ந்து ஊறிய சாறு, சொட்டுச் சொட்டாகக் கறிக்கு விடுகிற சாமான். அதை அண்ணாந்து, தண்ணீர் குடிப்பது போலக் குடித்தார். கண்ணால் நீர் ஓடியது. பாதிக்கு மேல் முடியாமல் இருமினார், சேட்டெல்லாம் ஊற்றியது. ஆனாலும் விழாமல் நின்றார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறந்தது பஸ் கொண்டக்டர். மெலிந்த மனிதர். "சேர், அது அவரின்ரை மகள்தான். மகளுக்கு அரை டிக்கட் எண்டு கேட்டுத்தான் வாங்கினவர்" என்றார். அப்பா சேட்டுப் பையிலிருந்து டிக்கட்டை எடுத்துக் காட்டினார். முழு டிக்கட் ஒன்று, அரை டிக்கட் ஒன்று. அதிகாரி அவற்றை நெடுநேரம் பார்த்தான். மிச்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

பஸ்ஸில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணி இருக்கோ பிள்ளை?"

என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வீட்டில் அம்மா சேட்டை மணந்து பார்த்துக் கேட்டபோது, "போத்தல் றெயிலிலை உடைஞ்சுபோச்சு" என்றார். கறி காய்ச்சவில்லை. அதன் பிறகு ஒருநாளும் என்னைக் கூட்டிக்கொண்டு போக விடுதிக்கு வரவுமில்லை. "அம்மாவோடை வா பிள்ளை, நான் வீட்டிலை நிப்பன்" என்பார். என்னில் கோபம் என்றே கனகாலம் நினைத்திருந்தேன். எனக்கு மகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. அந்தக் கேள்வியை இன்னொரு முறை யாரும் என்னிடம் கேட்டுவிடக்கூடாது என்று மனிதர் பயந்திருக்கிறார்.

அம்மா போத்தல் உடைந்ததாகவே நம்பிச் செத்துப்போனாள். அப்பா போய்ப் பதினோரு வருடம். போன முறை ஊருக்குப் போனபோது வல்லை வெளியில் சோதனைச் சாவடியும் இல்லை, கூடாரமும் இல்லை. நான் ஏறிய வான் அந்த இடத்தைக் கடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சாரதி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

பேர்கனில் இறால் கறி வந்தது. ரம்பை வாசம் அடித்தது. அப்பா காய்ச்சித் தருவதாகச் சொன்ன கறி. கண்ணை மூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"மீன் சோஸ்" என்றேன் மகளிடம். "உன்ரை அம்மப்பா ஒருக்கா இதை அரைப் போத்தல் குடிச்சவர்."

"அரைப் போத்தலோ? ஏன்?"

"அவர் என்ரை அப்பா எண்டு நான் சொல்லேல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "அவர் என்ரை அப்பா." பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.