பாதி அர்தாஸ்

வெளிநாட்டு விமான நிலையங்களில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரிக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். தலைப்பாகை, தாடி, கையில் இரும்பு வளையம் எல்லாம் அவருக்குப் பழகியவைதான். பிறந்த ஊர் என்ற இடத்தில் திருவொற்றியூர் என்று இருக்கும். எழுத்துக் கூட்டிப் பார்ப்பார், பாதியில் கைவிட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்து வைப்பேன். முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

அப்பா லூதியானா பக்கத்துக் கிராமத்திலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மாத்தூர் போகிற சாலையில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்தார். அம்மா எண்ணூர்க்காரி. வீட்டில் பேச்சு முழுவதும் தமிழ்தான், அப்பாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் பஞ்சாபி. அதனால் எனக்கு அந்த மொழியில் திட்டு நன்றாகப் புரியும், மற்றது சுமாராகப் புரியும். பஞ்சாபியின் குர்முகி எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் படிப்பேன். ஆனால் தபலா வாசிப்பேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா நகரத்துக் குருத்வாராவுக்குக் கூட்டிப் போனபோது, நான் பாட்டைக் கேட்கவில்லை, தபலாக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கைக்கு நல்லதும் கெட்டதும் அங்கேதான் ஆரம்பித்தன.

எங்கள் கீர்த்தனைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஆர்மோனியம் வைத்துப் பாடுவார், அவருடைய தம்பி இரண்டாவது ஆர்மோனியம், பின்பாட்டு. மூன்றாவது நான். மலேசியா, இங்கிலாந்து, கனடா என்று வருடத்தில் பாதி நாள் பெட்டியோடுதான் பிழைப்பு. ஹோட்டலில் தங்கமாட்டோம், பக்தர்கள் வீட்டில்தான் தங்குவோம். தங்கள் படுக்கையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் ஹாலில் படுத்துக்கொள்வார்கள். கிழவிகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வான்கூவர் பக்கத்தில் ஒரு அம்மாள், நாங்கள் அன்று பாடிய ஓர் அடிக்கு என்னிடம் அர்த்தம் கேட்டார். எனக்கு அந்த அடியின் தாளம் தெரியும், எங்கே இழுத்து எங்கே விழும் என்று தெரியும். அர்த்தம் தெரியாது. நான் விழிப்பதைப் பார்த்துத் தலைவர் குறுக்கே புகுந்தார்.

"இவர் கையால் பேசுகிறவர் அம்மா. வாயால் கேட்காதீர்கள்" என்றார்.

எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அந்த வாக்கியமே எனக்குக் குடையாகிவிட்டது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நார் தன்னையே பூ என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அர்தாஸ் என்பது எங்கள் பொது வேண்டுதல். பாட்டெல்லாம் முடிந்ததும் சபை முழுக்க எழுந்து கைகூப்பி நிற்கும். ஒருவர் மட்டும் முன்னால் நின்று சொல்வார். முதலில் குருமார்களை வரிசையாக நினைப்பது, அடுத்து நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களை நினைப்பது, கடைசியில் அன்றைக்கு வேண்டியதைக் கேட்பது. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் சபை 'வாஹேகுரு' என்று சொல்ல வேண்டும். அதைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் குருத்வாராவில் கிரந்தம் ஓதும் கிரந்தி சொல்வார். நான் கூட்டத்தில் நின்று வாஹேகுரு சொல்வேன். ஆயிரம் தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். கேட்டதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே எங்கள் பக்கத்தில் என் மதிப்பே தனி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. மணலியிலிருந்து துறைமுகம் வரைக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டும் சர்தார்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் முன்பெல்லாம் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அப்பா கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கூப்பிட்டவர் வண்டியின் பின்னாலேயே ஏறிப் போய்விடுவார். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கனடாவிலிருந்து திரும்பி வந்து நான் வீட்டில் இருந்த ஒரு காலையில், கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். பக்கத்துத் தெருக்காரர்தான், சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"சிங்கு, கீறியா?" என்றார். முகம் சரியாக இல்லை.

"இன்னா மாமு?"

"நம்ம சர்தார் டிரைவர் ஒருத்தர் பூட்டாருப்பா. ஹார்பர் லைன்ல நின்னுகினு இருந்த வண்டி. முன்னாடி வண்டி நகுந்துச்சு, இவரு வண்டி நகரல. பின்னாடி இருக்கிறவன் ஆரன் அடிச்சிக்கினே கீறான். ஏறிப் பார்த்தா ஸ்டேரிங் மேல சாஞ்சு கீறாரு."

பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டதாம். பெட்டியில் வைத்து விமானத்தில் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு ஆகிவிட்டதாம்.

"அவுங்க அம்மா போன்ல ஒரே அழுவாச்சி. இந்த ஊர வுட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி யாராவது அர்தாஸ் சொல்லி அனுப்பணும்னு கேக்கறாங்க. உங்க நைனா இருந்தா அவரே வந்துருப்பாரு. அதான் வூட்டாண்ட வந்தேன்."

நகரத்துக் குருத்வாராவில் கிரந்தி இருக்கிறார். ஒரு போன் போட்டிருந்தால் ஆட்டோ பிடித்து வந்திருப்பார். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியதும் ஒதுக்கினேன். அப்பா போன இடத்துக்கு நான் போகிறேன், அதுவும் அப்பாவை விடப் பெரிய ஆளாகப் போகிறேன் என்று உள்ளே ஒரு நினைப்பு. அம்மா சாமி அலமாரியிலிருந்து அப்பாவின் சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இத்த எடுத்துக்கினு போடா. நடுவுல நின்னுட்டீனா?"

"நீ வேற. எத்தினி ஊர்ல நின்னுட்டு வந்துகிறேன்" என்றேன்.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் தெரியாதவன் மாதிரி இருக்கும். அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே பெட்டி இருந்தது. மூடிக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. முகம் மட்டும் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். தலைப்பாகையை யாரோ அவசரமாகச் சுற்றிவிட்டிருந்தார்கள், காது வெளியே தெரிந்தது. டிரைவர்களும் லோடுமேன்களும் வட்டமாக நின்றார்கள். தலையை மூட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்ததால் துண்டு, கர்சீப் என்று கிடைத்ததைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். ஆம்புலன்ஸ் டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறந்தவரின் லாரியை அவரோடு முறை வைத்து ஓட்டிய பீகார்காரர் கையில் போன். வீடியோவில் பஞ்சாபிலிருந்து அந்தத் தாய். போனை முகத்துக்கு மிக அருகில் வைத்திருந்ததால் வெள்ளை முக்காடும் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. பின்னால் ஒரு கூட்டமே அழுதுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார் போல, பீகார்காரர் போனைப் பார்த்து இந்தியில் சொன்னார்: "அம்மாஜி, பெரிய ஆள் வந்திருக்கிறார். கனடா, இங்கிலாந்து எல்லாம் போய்க் கீர்த்தனை செய்கிறவர்." அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இதை எழுதும்போது கூடக் கூசுகிறது.

ஆரம்பித்தேன். குரல் நன்றாகவே வந்தது. மேடை பழகிய குரல். குருமார்களின் வரிசை தடங்கல் இல்லாமல் போனது. முதல் வாஹேகுரு சொன்னேன். கூடியிருந்தவர்களும் 'வாகே குரு' என்றார்கள். அடுத்த பகுதிக்கு வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

வரவில்லை என்றால் ஒரேயடியாக வரவில்லை. எனக்கு அந்தப் பகுதி எவ்வளவு நீளம் என்று தெரியும். எங்கே மூச்சு வாங்குவார்கள், எங்கே குரல் இறங்கும், எங்கே வாஹேகுரு விழும் என்று தொடையில் தட்டிக் காட்டச் சொன்னால் பிசகாமல் தட்டியிருப்பேன். இத்தனை வருடமும் அதை வார்த்தையாகக் கேட்கவே இல்லை, தாளமாகத்தான் கேட்டிருக்கிறேன் என்பது அந்தப் பெட்டியின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் என் போன் இருந்தது. தேடி எடுத்துத் தடவித் தடவியாவது படித்திருக்கலாம். கை போகவில்லை. கனடா போய் வந்தவன் போனைப் பார்த்துப் படிப்பதை அந்தக் கண் பார்க்கும். சிக்னல் போய்த் தொலைந்தால் தேவலை என்று கூட நினைத்தேன். அந்த நேரத்தில் நான் செத்தவரை நினைக்கவில்லை, பெற்றவளை நினைக்கவில்லை. நான் எப்படித் தெரிகிறேன் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்ய வேறொன்றும் இல்லாமல் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே சாலையில் லாரிகள் முனகிக்கொண்டிருந்தன. பிறகு போனிலிருந்து அந்தத் தாயின் குரல் வந்தது. நான் விட்ட இடத்திலிருந்து அவர் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் குரல் உடைந்து உடைந்து வந்தது, போகப் போகச் சீரானது. பின்னால் அழுதவர்கள் அடங்கிவிட்டார்கள். பீகார்காரர் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கிப் பிடித்தார். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் நான் வாஹேகுரு சொன்னேன். அது ஒன்றுதான் எனக்குச் சரியாகத் தெரியும். என்னைப் பார்த்து ஹெல்மெட்காரரும் சொன்னார். கடைசியில், வேண்டியதைக் கேட்கும் இடத்தில், அவர் மகன் பெயரைச் சொல்லி, "லாரியில் இவன் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை, உன்னிடத்தில் கொஞ்சம் படுக்க இடம் கொடு" என்று கேட்டார். எனக்குப் புரிந்த பஞ்சாபியில் அவ்வளவு சுலபமான வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிடச் சொன்னார். போனை வாங்கிக்கொண்டேன்.

"மகனே, வேறு யாராக இருந்தாலும் மடமடவென்று முழுவதையும் சொல்லி முடித்திருப்பார்கள். பெற்றவள் சொல்லட்டும் என்று நீ வாயை மூடிக்கொண்டு நின்றாய். இவ்வளவு படித்தவனுக்கு இவ்வளவு மனசும் இருக்கிறதே. என் பிள்ளையை என் வாயால் அனுப்ப வைத்தாய். உன்னைப் பெற்றவள் நன்றாக இருக்கட்டும்."

எனக்குத் தெரியாது அம்மா, மறந்துகூடப் போகவில்லை, தெரிந்திருக்கவே இல்லை என்று சொல்லப் பஞ்சாபியில் எனக்கு வார்த்தை உண்டு. சின்ன வார்த்தைகள்தான்.

"ஆமாம் அம்மா" என்றேன்.

வெளியே வந்தபோது சூப்பர்வைசர் தோளில் கை போட்டார். "சோக்கா பண்ண சிங்கு. பாதி நீ, பாதி அவுங்க. பேசி வச்ச மாதிரி கீது" என்றார். வீட்டில் அம்மா, "வந்துச்சாடா?" என்று கேட்டாள். "வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதேன். அன்று மாலையே அப்பாவின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறையில், பேசின் பிரிட்ஜ் சிக்னலில், வண்டி நகராத இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த பயணம் கிளம்புவதற்குள் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அந்தத் தாய் பீகார்காரரிடம் என் எண்ணை வாங்கிவிட்டார். மாதப் பிறப்பன்று முதல் தடவையாகப் போன் வந்தது. "மகனே, உன் பங்கை நீ சொல், என் பங்கை நான் சொல்கிறேன்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குருமார்களின் வரிசையைச் சொன்னேன், வாஹேகுரு சொன்னேன், நிறுத்தினேன். அவர் தொடர்ந்தார். அதிலிருந்து ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும், நான் எந்த நாட்டில் இருந்தாலும், போன் வந்துவிடும். ஒரு தடவை பழக்க தோஷத்தில் என் வாய் அடுத்த வார்த்தைக்குத் தாவிவிட்டது. அந்தப் பக்கம் அவர் பேசுவதற்காக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. இருமுவது போலச் செய்து விழுங்கினேன். அன்று தெரியாமல் நின்றதைத் தெரிந்தே நின்றதாக அவரிடம் ஒப்புக்கொண்டேன் அல்லவா, இப்போது தெரிந்தே நிற்கிறேன். ஆனாலும் அது உண்மையாகிவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுடுகிறது.

போன மாதப் பிறப்பன்று பர்மிங்ஹாமில், ஒரு பக்தர் வீட்டு மாடி அறையில் இருந்தோம். காலை வெயில் ஜன்னலில் வந்து விழுந்திருந்தது. தலைவர் கண்ணாடி முன்னால் நின்று தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் போன் வந்தது. காதில் மாட்டிக்கொண்டு, மூலையில் கைகூப்பி நின்று என் பங்கைச் சொன்னேன். நிறுத்தினேன். பிறகு இடையிடையே வாஹேகுரு மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். முடித்துக் காதிலிருந்து கழற்றும்போது தலைவர் பாதி சுற்றிய துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனில் கேட்டுப் படிக்கிறாயா?" என்றார்.

இந்தத் தடவை அவர் கையால் பேசுகிறவன் என்று சொல்லிச் சிரிக்கவில்லை.

"இத்தனை வருடமாக என்னோடு ஊர் ஊராக வருகிறாய். பாதிக்கு மேல் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.