கருவாடு கழுவிய தண்ணீர்

இன்று கருவாடு ஊறிய தண்ணீரைக் கொட்டினேன். அந்த வாடை என்னைத் திருவேட்டக்குடிப் பள்ளியின் மிளகாய்ப் பாத்திக்கே இழுத்துப்போகிறது. கடல் மணலில் வண்டல் கொட்டி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் போட்ட பாத்தி. அறிவியலும் வரலாறும் எங்களுக்கு அங்கேதான் நடக்கும். மிளகாய் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கே வந்தது என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, மீனவர் வீட்டுப் பெண்ணான எனக்கு அது சொந்தக்காரச் செடியாகிவிட்டது. எங்கள் வீட்டில் மீன் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுவார்கள், மரம் செழிக்கும். கடல் கொந்தளித்து வலை இறங்காத அந்த வாரம் வீட்டில் இருந்தது கருவாடு மட்டும்தான். அதைக் கழுவிய தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல், தினமும் பாத்திக்கு ஊற்றினேன்.

இலைகள் சுருண்டன. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியாகக் கிணற்றிலிருந்து இறைத்து, கை கொப்பளிக்க, அழுதுகொண்டே நல்ல தண்ணீர் ஊற்றினேன். ஒரு செடிகூட நிமிரவில்லை.

"மண்ணுல உப்பு ஏறுனா வேரு தண்ணி குடிக்காது. இங்க உப்பு எப்படி வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்" என்றார் டீச்சர்.

"கடல்லேருந்து டீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

டீச்சர் பெருமூச்சுவிட்டு அதையே கரும்பலகையில் எழுதினார். இந்த மண்ணில் எதுவும் வராது என்று அடுத்த மாதமே பாத்தியை மூடி சிமெண்டுத் தரை போட்டார்கள். கடல்தான் காரணம் என்று நானும் நோட்டில் எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்ததற்கு டீச்சர் 'குட்' போட்டுக் கொடுத்தார்.