சிலோன்காரருக்கு எதிராக நான் எழுதிய கடிதம்

அவரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவர் அதற்கு ஒன்றும் செய்திருக்கவில்லை. எங்கள் மில்லின் பெர்சனல் மேனேஜர் அவரை மைதானத்துக்குக் கூட்டிவந்து, "இவரு காம்ப்ல இருந்து வர்றாரு. பெயின்டிங் கான்ட்ராக்ட்ல சேந்துக்கிறாரு. சின்ன வயசுல இலங்கை ஃபுட்பால் டீமுக்கு ஆடினவரு. நம்ம டீம்ல போட்டுக்கலாம்" என்று சொன்னார். அவ்வளவுதான். என்னிடம் கேட்கவில்லை. நான் அப்போது கேப்டன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் நான் ஃபிட்டர். மில் நின்றிருந்த இடத்தின் கிழக்கு மூலை ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்து நெல் வயல். நிலத்தைக் கொடுத்த வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலை என்றார்கள். அந்த ஆள் நான். அதனாலோ என்னவோ, மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தக் கருந்தூசி மைதானமும் என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நம்பர் சட்டையை நான்கு வருஷமாக வேறு யாரும் தொட்டதில்லை.

2006, உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த மாதம். தொழிற்பேட்டையில் இருந்த கம்பெனிகளுக்குள் வருஷாவருஷம் ஒரு போட்டி நடக்கும். அதற்காகத்தான் அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். மன்னார்ப் பக்கத்துக்காரர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் படகேறி வந்து, அகதி முகாமிலேயே கல்யாணம் செய்து, ஊர் ஊராகச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். கைவிரல் இடுக்குகளில் எப்போதும் நீலமோ பச்சையோ ஒட்டியிருக்கும். மில்லில் எல்லோரும் அவரைச் சிலோன்காரர் என்றார்கள். நான் 'ர்' எடுத்துவிட்டு 'ன்' போட்டுச் சொன்னேன்.

அவர் ஆடியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் ஓடவே மாட்டார். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நின்றிருப்பார். வந்ததும் ஒரே தட்டு. நாங்கள் ஒன்பது பேர் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்க, அவர் நடுவில் நின்று எங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கோல்கீப்பர் ஸ்டோர்ஸில் கிளார்க், பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் பாய் என்னிடம், "இந்தாளு கண்ண மூடிக்கினு ஆடினாலும் நம்மள விட நல்லா ஆடுவாரு போல" என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நான் அவருக்குப் பந்து கொடுப்பதை நிறுத்தினேன். பக்கத்தில் தனியாக நிற்பார். நான் எதிர்ப் பக்கம் உதைப்பேன். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"தம்பி, எனக்குத் தரவேண்டாம். ஆனா வலது பக்கத்தில ஒரு பொடியன் சும்மா நிக்கிறான். அவனுக்காவது குடுங்கோ."

"என்ன தம்பின்னு கூப்புட வேணாம். கேப்டன்னு கூப்பிடு."

"ஓம், கேப்டன்" என்றார். அன்றிலிருந்து என்னை வேறு எப்படியும் அவர் கூப்பிடவில்லை. அந்த வார்த்தையை அவர் சொல்லும்போதெல்லாம் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

ஆறரை மணி உலகக் கோப்பை ஆட்டங்களை கேன்டீன் டிவியில் பார்ப்போம். ஒரு நாள் ஆடியவர்களில் ஒருவன் வேறு நாட்டில் பிறந்தவன் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கோப்பையில் அப்படி நிறைய பேர் இருந்தார்கள். சிலர் சின்ன வயதில் ஒரு நாட்டின் சட்டையைப் போட்டுவிட்டு, பெரியவர்களாகி இன்னொரு நாட்டின் சட்டையில் வந்து நின்றார்கள். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தே நான் சத்தமாகச் சொன்னேன்:

"சோத்துக்குச் சட்ட மாத்துறவனுங்க. இவனுங்களுக்கு இன்னா நாடு, இன்னா கொடி?"

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"அந்தக் காலத்தில ஒருத்தர் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடினவர். நாலு வருசம் கழிச்சு இத்தாலிக்கும் இறுதியாட்டம் ஆடினவர். ரெண்டு இடத்திலயும் உயிருக்குப் பயந்துதான் ஆடினவர் எண்டு சொல்லுவினம். முதல் இடத்தில வெண்டாக் கொல்லுவம் எண்டு வெருட்டினவங்களாம். ரெண்டாவது இடத்தில தோத்தாலாம்."

பாய் சிரித்தார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"உன்னத் தொரத்தி வுட்ட நாட்டுக்குத்தான் நீயும் ஆடின. வெக்கமா இல்ல?"

"நான் ஆடேக்க துரத்தேல்லை, கேப்டன். பிறகுதான் துரத்தினவங்கள்."

"இப்போ இந்தியாவுக்கு ஆடச் சொன்னா ஆடுவியா?"

"கேட்ட நாட்டுக்கு ஆடுவன். ஒருத்தரும் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். அறை முழுக்க அவர் பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. டீ டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அரையிறுதிக்கு முன்னால் மேனேஜர் பத்தாம் நம்பர் சட்டையை அவரிடம் கொடுத்தார். எனக்கு ஏழு. வலது ஓரத்தில் ஓடச் சொன்னார்கள். குழாய்க் கம்பெனி ஒன்றுடன் ஆட்டம். மூன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தோம். அதில் ஒரு கோல் நான் போட்டது. பந்தை என் காலடியில் அவர்தான் கொண்டுவந்து வைத்தார், நான் தட்டிவிட்டேன். எல்லோரும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அவரும் வந்தார். நான் தோளை விலக்கிக்கொண்டேன். அவர் நின்று, திரும்பித் தன் இடத்துக்கு நடந்தார்.

அன்றைக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் வந்திருந்தார். மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மாவட்ட அணித் தேர்வுக்காக இரண்டு தடவை திருவள்ளூருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தேர்வாளர் கண்ணில் படும்படி இரண்டு தடவை நடந்தேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, பத்தாம் நம்பரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பாயின் பெயரையும் எழுதினார். என் பெயரைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே எழுதினேன். மெயின்டனன்ஸ் ரூமில் உட்கார்ந்து, நடுவில் கார்பன் வைத்து, இரண்டு பிரதி. இன்ன விளையாட்டு வீரர் இந்தியப் பிரஜை அல்ல, வேறு நாட்டு அணிக்கு ஆடியவர், இவரை மாவட்ட அணியில் சேர்ப்பது சட்ட விரோதம் என்று எழுதினேன். அதுவரை எழுதியது உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த பாராவில், இவர் இருட்டும் வரை முகாமுக்கு வெளியே சுற்றுகிறார், யார் யாரையோ சந்திக்கிறார், முன்பு இலங்கையில் இன்னும் என்னென்ன செய்தவர் என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதினேன். அங்கே மறுபடி சண்டை மூண்டு, படகுகள் வரத் தொடங்கியிருந்த நேரம். அந்த வரிகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடவில்லை. ஒரு பிரதி விளையாட்டுச் சங்கத்துக்கு. இன்னொன்றை எங்கே அனுப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகாமைக் கண்காணிக்கும் போலீசுக்கு அனுப்பினேன்.

நாலைந்து நாளில் அவர் வேலைக்கு வருவது நின்றது. முகாமை விட்டு வெளியே போக அவருக்கு இருந்த அனுமதியை நிறுத்திவிட்டார்கள் என்று பாய் விசாரித்துக்கொண்டு வந்தார். தினம் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மைதானத்துக்குப் போனேன், பந்து ஆடினேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லையாம்.

"நீ கேப்டன். நீயும் மேனேஜரும் போய் ஒரு வார்த்த சொன்னா போதும். நம்மளோடதான் ஆடிக்கினு இருந்தாருன்னு சொல்லு. வுட்டுடுவாங்க" என்றார் பாய்.

"நமக்கு எதுக்கு அந்தப் பேஜாரு? போலீஸ் விஷயம்."

"நாம சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?"

"அவன் ஊருக்காரங்க சொல்லட்டும்."

பாய் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே மேனேஜரிடம் போனார். மேனேஜர், கான்ட்ராக்டர் வேறு ஆள் அனுப்பிவிட்டார், இனி நமக்குச் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டார். பாய் தனியாக ஸ்டேஷன் வாசலில் அரை நாள் நின்று பார்த்துத் திரும்பி வந்தார்.

இறுதியாட்டத்தில் பத்தாம் நம்பர் எனக்குத் திரும்பி வந்தது. ஜெயித்தோம். ஒன்றுக்குப் பூஜ்யம், பெனால்டி, அடித்தது நான். தோற்றிருந்தால் எனக்கு ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும். கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது பாய் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். அந்தப் போட்டோவில் கோல்கீப்பர் இல்லை. மாவட்ட அணிக்கு எங்கள் மில்லிலிருந்து அந்த வருஷம் பாயை மட்டும் எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அதே போட்டி. முதல் சுற்றிலேயே அந்தக் குழாய்க் கம்பெனி எங்களுக்கு எதிரணி. அவர்களுடைய வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். சில மாதங்களில் அனுமதி திரும்பக் கிடைத்து, அங்கே பெயின்ட் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். இளைத்திருந்தார். காது ஓரத்தில் முடி நன்றாக நரைத்திருந்தது.

எங்கள் மில் ஆட்கள் அவரைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்கள். "துரோகி" என்றார்கள். "எங்க உப்பத் தின்னுட்டு அங்க போயிட்டியா" என்றார்கள். அவரை விரட்டியது எங்கள் பக்கத்திலிருந்து போன கடிதம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நான் அவர்களை அடக்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் முழுக்க அவரை ஒட்டி நின்று தடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பாதியில் ஒரு த்ரோவுக்காகக் காத்து நின்றபோது, முகத்தைத் திருப்பாமல் அவர் பேசினார்.

"கேப்டன், போலீஸ்காரர் எனக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினவர்."

"இன்னா கடிதம்?"

"'வீரர்' எண்டதுக்குப் பெரிய 'ற' போட்டிருந்தது. இங்க நோட்டீஸ் போர்டில டீம் லிஸ்ட் எழுதேக்க நீங்களும் அப்பிடித்தான் எழுதுறனீங்கள்."

"நீயா எதையாவது கற்பன பண்ணிக்காத."

"நான் அவங்களிட்ட உங்கட பேர் சொல்லேல்லை. உங்களுக்காக இல்லை. சொன்னா, சண்டைக்காரன் எண்டு என்ர ஃபைலில இன்னும் ஒண்டு ஏறும்."

த்ரோ வந்தது. அவர் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இரண்டாவது பாதியில் அவரைக் காலில் உதைத்தேன். தவறுதலாகப் பட்டது என்று நடுவரிடம் சொன்னேன், அது பொய். பந்து எங்கேயோ இருந்தது. பூட்ஸின் முன்பக்கத்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பார்த்து உதைத்தேன். அவர் விழுந்த சத்தம் கேட்டு எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நடுவர் எனக்குச் சிவப்பு அட்டை காட்டினார்.

வெளியே வந்து கோட்டுக்கு அருகில் உட்கார்ந்தேன். யாரோ கொண்டுவந்த ஐஸைக் காலில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் கிடந்தார். எழுந்தபோது காலை ஊன்ற முடியாமல் நொண்டினார். ஃப்ரீ கிக்கை வேறு ஆள் அடிக்கப் போனான். அவர் கையைக் காட்டித் தடுத்து, பந்தைத் தானே வைத்தார். நான்கே அடி பின்னால் போனார். எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். பந்து, தடுத்து நின்ற எங்கள் அணியினரின் தலைக்கு மேலே எழும்பி, பாய் கையை நீட்டித் தாவியும் எட்டாத மூலையில் இறங்கியது. பாய் தரையில் கிடந்தபடியே அவரைப் பார்த்தார். அவர் கொண்டாடவில்லை, மாற்று ஆளை வரச் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே மைதானத்தை விட்டு வெளியே போனார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. கையை மட்டும் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "போங்கோ" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் கேப்டன் என்று சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. முட்டி வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் இன்னும் ஒரு வருஷம் குழாய்க் கம்பெனிக்கு ஆடினார் என்று கேள்விப்பட்டேன். போர் முடிந்த அடுத்த வருஷம் குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிவிட்டாராம். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒருவர் சொன்னார். சுவருக்குத்தான் பெயின்ட் அடிக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார்.

அவர் போய்விட்டது தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஒரு மத்தியானம் ஸ்டோர்ஸுக்குப் போய், பேரிங் வாங்கும் சீட்டை நீட்டிக்கொண்டே பாயிடம் சொன்னேன்.

"அந்த லெட்டர் நான்தான் போட்டேன்."

பாய் சீட்டில் முத்திரை குத்தினார். அலமாரியிலிருந்து பேரிங்கை எடுத்து, எண் சரிதானா என்று பார்த்து, என் முன்னால் வைத்தார்.

"தெரியும். அவரு இங்க இருக்கும்போது சொல்லியிருந்தா அதுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இப்போ இன்னாத்துக்கு என்கிட்ட சொல்ற?"

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பிறகு எட்டு வருஷம் நாங்கள் இருவரும் அதே மில்லில் இருந்தோம். சாமான், எண், எத்தனை வேண்டும் என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.