மூழ்க மறுத்த கடல் விமானம்

விமானம் மூழ்கவில்லை. அதுதான் பிரச்சினை. நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன், எனக்கு நீச்சல் தெரியாது. அதுவும் பிரச்சினைதான். ஆனால் இயக்குநர் முதலாவதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

1. ஆர்டர்

செல்லூரில் எனக்கு வெல்டிங் பட்டறை. சப்பரம், மாநாட்டு வளைவு, சினிமா செட் எது வந்தாலும் செய்வோம். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த இயக்குநர் ஒரு பழைய போட்டோவை மேஜையில் வைத்தார்.

"ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல பறந்த ராணுவ விமானம் சார். சக்கரம் கிடையாது, தண்ணியிலதான் எறங்கும். எறங்கும்போது மூக்கு குத்தி முழுகிடுது. அதான் என் மொத சீன்."

"எம்புட்டுத் தூரம் பறக்கணும் சார்?"

"பறக்கவே வேணாம். விழுந்தா போதும்."

இவ்வளவு சுலபமான ஆர்டர் அதுவரை வந்ததில்லை. விழுவதற்குப் பயிற்சியா வேண்டும்?

இரும்புக் குழாய், மூங்கில், இறக்கைக்குக் காடாத் துணி. அடியில் மிதவை கட்ட மட்டும் எதிர்வீட்டுப் பாண்டியைக் கூப்பிட்டேன். தெப்பத் திருவிழாக்களுக்கு டிரம் கட்டுகிறவன். சாமியோடு ஊரே ஏறினாலும் அவன் தெப்பம் சாயாது. முன் டிரம்கள் இரண்டிலும் ஓட்டை போட்டு, ரப்பர் கார்க் செருகி, கயிறு கட்டினோம். உள்ளிருந்து இழுத்தால் கார்க் கழன்று தண்ணீர் புகும், மூக்கு இறங்கும்.

2. ஆக்‌ஷன்

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் படப்பிடிப்பு. மறுநாள் மடை திறந்து தண்ணீரை வடிக்கப் போகிறார்கள். அன்று எடுக்காவிட்டால் இயக்குநருக்கு அந்த சீன் இல்லை, எனக்கு இனி சினிமாவே இல்லை.

விமானி வேஷத்துக்கு வந்த ஸ்டன்ட்காரர் கண்மாயைப் பார்த்தார். நெளிந்து போன தண்ணீர்ப் பாம்பைப் பார்த்தார். "தோள்பட்டை பிடிச்சிருக்கு சார்" என்று வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "செஞ்சது நீங்கதானே சார், நீங்களே ஏறிடுங்க."

"சார், எனக்கு நீச்சல்..."

"தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்டா, அவரு மாதிரியே இருப்பீங்க சார்."

நான் சொன்னதற்கு இது எப்படிப் பதிலாகும்?

பாண்டி பதறினான். "நிசமாவே ஏறுறீகளாண்ணே?"

"வேற வழி? இரு, கடைசியா ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

எதிர்க்கரையிலிருந்து டிராக்டர் வடம் கட்டி விமானத்தை இழுத்தது. "ஆக்‌ஷன்!" கார்க் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். கயிறு அறுந்து மல்லாந்தேன். முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெறித்தது. போயிற்று, மூழ்குகிறோம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

உண்மையில் யானையைத் தாங்கும் தெம்போடு அது மிதந்துகொண்டிருந்தது. நானோ எஞ்சின் மேல் தவழ்ந்து ஏறி, காற்றாடியைக் கட்டிப்பிடித்து, குலதெய்வத்தையும் பெண்டாட்டியையும் டிராக்டர்காரரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். என் மொத்த எடையும் மூக்கு நுனியில். முன்னால் டிராக்டரின் இழுப்பு. வால் எழும்பியது. விமானம் அழகாக ஒரு குட்டிக்கரணம் போட்டது.

3. கரை

பாண்டிதான் குதித்து, என் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். இயக்குநர் என்னை ஈரத்தோடு அப்படியே கட்டிக்கொண்டார். "அந்த அலறல் இருக்கே சார்! டப்பிங்கே வேணாம்!"

அவர் போனதும் பாண்டியைப் பிடித்தேன். "கார்க் ஏன்டா வரல?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப, தாரைக் காய்ச்சி ஊத்தி அடைச்சுப்புட்டேன்."

"முங்கணும்னுதானடா அம்புட்டுப் பாடும் பட்டோம்?"

"ஸ்டன்ட்காரருன்னா நீந்தி வந்துருவாரு. ஓட்டை டிரம்முல உங்கள ஏத்திவிட்டுட்டு நான் கரையில நின்னு வேடிக்கை பாக்கவாண்ணே?"

திட்ட வாயைத் திறந்தேன். கண்மாய்த் தண்ணீர்தான் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மூழ்க வேண்டிய சாமான் செய்தால், கட்டுகிறவனுக்கு வேண்டப்பட்ட ஆளை அதில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அது மிதந்தே தீரும். கவிழ்க்கிற வேலையை, என்னைப் போல, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.