ஷராவதியிலிருந்து நைனாவைக் கூட்டி வந்தது

நைனாவைக் காட்டிலிருந்து கூட்டி வந்தது நான்தான் என்று மாரிகுப்பம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த அந்தப் பெயரைப் போல ஒரு நல்ல பெயர் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

நைனா ஒரு நாள் ஷிஃப்டுக்கு என்று சோற்றுத் தூக்குடன் கிளம்பி, சுரங்க ஷாஃப்ட் பக்கம் போகாமல் பங்காருபேட்டை ரயிலில் ஏறிவிட்டார். ஷராவதி ஆற்றில் அணை கட்டும் இடத்தில் அவரைப் பார்த்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். பாறை குடையத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. அம்மா இரண்டு மாதம் பொறுத்தாள். அதற்குள் ஆபீஸ் குமாஸ்தா வந்து, மாதக் கடைசிக்குள் ஆள் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுடையது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதை விட்டால் போக இடம் கிடையாது.

அம்மாவிடம் இருந்தது ஒரு டிக்கெட்டுக்குத்தான். அதனால் ரயிலில் நான் மூட்டை ஆனேன். கறுப்புக் கோட்டு தெரிந்ததும் பெஞ்சுக்கடியில் உருண்டு, கேழ்வரகு மாவுப் பைக்குப் பின்னால் முடங்கிக்கொள்வேன். “மூட்ட தும்மாது, தெரிதா?” என்று அம்மா சொல்லியிருந்தாள். ஷிமோகா தாண்டி, சாகராவில் இறங்கும்வரை தும்மவில்லை. அங்கிருந்து சிமெண்ட் லாரியின் மேல் உட்கார்ந்து போனோம். இறங்கியபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

காட்டுக்குள் ஒரு பட்டணம் இருந்தது. மரம் வெட்டிய இடத்தில் தகர ஷெட்டுகள், பகலிலும் எரியும் பல்பு, டென்ட் சினிமா, நாலைந்து பாஷைகளில் சண்டை. யானை வரும் என்று லாரிக்காரர் சொன்னதை நம்பிப் பயத்தோடு காத்திருந்தேன். புல்டோசர்தான் வந்தது.

அணைக்காகப் பாறையில் குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தின் வாயிலில் அம்மா ஷிஃப்டு விடும்வரை நின்றாள். ஆளைத் தேட எங்கள் ஊரில் வேறு வழி கிடையாது. சங்கு ஊதினால் உள்ளே போனவன் வெளியே வந்தாக வேண்டும். எல்லோரும் வந்தார்கள், நைனா வரவில்லை. கடைசியாக வந்தவர் எங்கள் ஊர்க்காரர். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“இங்க நின்னா எப்படிம்மா கெடைப்பான்? ரெண்டு நாளுகூட உள்ள நிக்கல அவன். ஆத்துல தோணி ஓட்டிக்கினு ராஜா மாதிரி கீறான், போய்ப் பாரு.”

ஆற்றில் மேலே போக அரிசி மூட்டை ஏற்றிய தோணி ஒன்று நின்றது. கையில் காசில்லை என்று அம்மா சொன்னதும் தோணிக்காரர் ஒரு தகர டப்பாவை அவளிடம் நீட்டினார். உள்ளே ஊறிய தண்ணீரை வழியெல்லாம் மொண்டு ஊற்றியபடியே வந்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன். அதுவரை நான் கண்ட பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரி. அது நிற்கும். இது போய்க்கொண்டே இருந்தது.

துறையில் நின்ற கறுத்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டில் இருந்த நைனா பாறைத்தூசு நிறம், பேச்சுக்கு நடுவே இருமுவார். இவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறினார். இருமவே இல்லை. மீன் சுட்டுக் கொடுத்தார்.

“பேர அடிக்கப் போறாங்க. கெளம்பு” என்றாள் அம்மா.

“உள்ள எறங்குனா மூச்சு வரலமே. நீங்களும் இங்கியே இருந்துடுங்க.”

“இன்னாய்யா பேசற? அணைய கட்டிட்டா இந்த எடமே தண்ணிக்குள்ள போவப்போவுது. உனுக்கு மட்டுந்தான் மூச்சு வரலயா? லைன்ல கீற அத்தினி ஆம்பளயும் எறங்கல?”

இருவரும் சொன்னது உண்மைதான்.

மறுநாள் காலையில் அம்மா என்னை மூங்கில் புதருக்குப் பின்னால் அழைத்துப் போனாள். “தோணி கெளம்பறப்போ அவரு கைய புடிச்சிக்க. வூட்டுக்கு வா நைனான்னு அழு. நான் சொல்ற வரிக்கும் நிறுத்தாத.”

எனக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசை. ஆனால் மூட்டையாக இருக்கச் சொன்னால் மூட்டையாக இருப்பவள் நான். அழச் சொன்னதும் அழுதேன். நன்றாகவே அழுதேன். தோணிக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். முடியாமல், கொடியில் கிடந்த துண்டை மட்டும் உருவிக்கொண்டு தோணியில் ஏறி உட்கார்ந்தார்.

வீடு தப்பியது. நைனா நாலு வருஷம் கேஜில் இறங்கினார். ஐந்தாம் வருஷம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். இறங்க ஆள் இல்லாத வீட்டை அந்த மாதமே காலி செய்தோம். என் படிப்பும் அத்தோடு நின்றது. பிறகு எத்தனையோ ஊர்களில் மண் சுமந்திருக்கிறேன், எத்தனையோ ஆறுகளை ஓசியில் கடந்திருக்கிறேன். அம்மாவை நான் குறை சொன்னதில்லை. அவள் சொல்லத்தான் செய்தாள், அழுதது நான்.

அன்று திரும்பும் தோணியில் நைனா வாயைத் திறந்து, தோள் இரண்டும் மேலேற, காற்றை இழுத்து இழுத்து உள்ளே நிறுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா பண்ற?”

“சேத்து வெச்சிக்கிறேன் பாப்பா.”

அது விளையாட்டு என்று நினைத்தேன். நானும் கன்னம் உப்ப மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யார் முதலில் விடுகிறார்கள் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர்தான் முதலில் விட்டார். நான் கைதட்டினேன்.