வட்டத்துக்குள் தடவிய எண்ணெய்

முன்னறையிலிருந்து படபடவென்று கைதட்டும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா திடுக்கிட்டு விழித்தாள். ஆத்தூரிலிருந்து இன்னாசிமேரி அத்தை வந்து இறங்கிவிட்டாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கைதட்டாமல் அவளுக்கு ஜெபம் வராது.

வலி மாத்திரையின் மயக்கம் கலைந்தபோதுதான் இடது கையில் பிசுபிசுப்பு தெரிந்தது. தேங்காயெண்ணெய் வாசனை. பதறிப்போய்க் கையைத் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் பேனாவால் போட்டிருந்த வட்டம் நீலக் கறையாக இழுபட்டிருந்தது. அந்த இடம் முழுக்கக் கன்றிச் சிவந்து கிடந்தது. ஜெனிட்டாவுக்கு உச்சந்தலை வரை நெருப்பு ஏறியது.

குழந்தையிலேயே வந்த போலியோ அவளுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டது. கால் செய்ய வேண்டியதையெல்லாம் கைகள்தான் செய்தன. அக்குள் கட்டையை ஊன்றின, உடம்பைத் தூக்கின, வெள்ளிக் கொலுசுக்கு முத்துக் கோத்துச் சோறும் போட்டன. சேலத்துப் பெண்களின் கால்களெல்லாம் அவள் கைவேலையால் சலசலத்தன. விதிக்கு எப்பேர்ப்பட்ட நக்கல்! நாற்பதைத் தாண்டியதும் அந்தக் கைகளுக்குள்ளும் முடக்குவாதம் புகுந்தது. விரல் கணுக்கள் வீங்கின.

"புது ஊசி ஒன்னு இருக்கும்மா. கையைக் காப்பாத்திடலாம்" என்றார் மருத்துவர். ஆனால் அந்த ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். உள்ளே காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடும். அதனால் முதலில் பரிசோதனைகள்.

எக்ஸ்ரே அறையில், "எந்திரிச்சு நில்லுங்க" என்றான் ஒருவன். கட்டை இல்லாமல் முடியாது என்றதும் அவளை விட்டுவிட்டுத் தம்பி ஆண்ட்ரூஸிடம் திரும்பினான். "இவங்களுக்கு என்ன வயசு?"

"என்னைக் கேளுங்க. கால்தான் போச்சு, வாய் இருக்குது."

அதற்கும் அவன் ஆண்ட்ரூஸைப் பார்த்துத்தான் சிரித்தான். பிறகு அவனும் இன்னொருவனுமாக, ஒரு வார்த்தை கேட்காமல் அக்குளில் கைகொடுத்து மூட்டைபோலத் தூக்கினார்கள். கைகளுக்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

கடைசியாகத்தான் இடது கையில், தோலுக்கடியில், காசநோய்ப் பரிசோதனைக்கான சின்ன ஊசி. "வீங்குதான்னு அளந்து பாக்கணும். தேய்க்காதீங்க, எதையும் தடவாதீங்க" என்று வட்டம் போட்டு அனுப்பினாள் நர்ஸ். அது முந்தாநாள். இன்று மாலை அளக்க வேண்டும். நாளை மருத்துவர் வருகிறார். மாதம் ஒருமுறைதான் அவர் சேலம் வருவது.

ஜெனிட்டா கட்டைகளை ஊன்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"எந்திரிச்சிட்டியா சாமி?" அத்தையின் முகம் மலர்ந்தது. "மந்திரிச்ச எண்ணெய் கொண்டாந்தேன். டாக்டரே நோவு இருக்கற எடத்துல வட்டம் போட்டு வெச்சிருக்காரு, பாரேன்! சரியா அந்த எடத்துலயே அழுத்தித் தேச்சு உட்டுருக்கேன்."

"அது நோவு இல்லீங்க அத்தை, டெஸ்ட்! அம்மா, தடவக் கூடாதுன்னு உன்கிட்டச் சொன்னேன்ல?"

"மருந்துதான் தடவக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி. "இது மந்திரிச்ச எண்ணெய்தானே. நீ அசையாம இருக்கணும்னு நான்தான் கையப் புடிச்சுக்கிட்டேன்."

ஆண்ட்ரூஸ் மருத்துவமனைக்குப் போன் போட்டான். மறுமுனையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "தேய்ச்ச எடத்துல அளக்க முடியாதுங்க. இன்னொரு கையில புதுசாப் போட்டுத்தான் பாக்கணும். ரிசல்ட் இல்லாம டாக்டர் ஊசி எழுத மாட்டாரு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாதம்! அதற்குள் எந்த விரல் மடங்கும், எது மடங்கியபடியே நின்றுபோகும்?

"விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு கண்ணு?" என்றாள் அத்தை. "உனக்கு அதுதான் பத்தல."

"ஆண்டவரே குருடன்கிட்ட, உனக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுத்தான் குணமாக்குனாரு!" ஜெனிட்டாவின் குரல் உடைந்து சீறியது. "நீங்க அவருக்கும் மேலயா? இத்தன வருசத்துல யாராச்சும் என்னைக் கேட்டிருக்கீங்களா? கோயில்ல தலையில கை வெக்கறீங்க, பஸ்ல தூக்கிப் போடறீங்க, தூங்கறப்ப தேய்க்கறீங்க. இது என் கை! எனக்குன்னு மிஞ்சினது இது மட்டுந்தான்!"

"அண்ணி, அவ ஏதோ கோவத்துல..." என்று அம்மா குறுக்கே வந்தாள்.

அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசற்படியில் நின்று, பழக்க தோஷத்தில், ஜெனிட்டாவின் நெற்றியில் சிலுவை போடக் கையை நீட்டினாள். ஜெனிட்டா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"கேட்டுட்டுப் போடுங்க."

"நான் தூக்கி வளத்த புள்ளகிட்ட, நான் கேக்கணுமா?"

"அப்ப வேண்டாம்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். கூடவே போகப் பார்த்த அம்மாவைக் கட்டையை நீட்டி மறித்துவிட்டு, ஜெனிட்டா கதவைத் தள்ளினாள். வீங்கிய விரல்களுக்குத் தாழ்ப்பாள் நகரவில்லை. வலி தோள்வரை சுண்டியது.

"நான் போடறேன்க்கா" என்று ஓடி வந்தான் ஆண்ட்ரூஸ்.

"நகருடா."

உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. தாழ்ப்பாள் விழுந்தது.