தகட்டுக்கு முட்டுக்கொடுத்தவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் வேதசிரோமணி வெள்ளித் தகட்டில் படமெடுப்பவர். பாதரசப் புகை காட்டிக் காட்டியே படத்தை வரவழைத்ததில் அவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம் கண்டுவிட்டது. பழைய கேமராவில் தகட்டைச் செருகும் ஹோல்டர், தடித்த கண்ணாடிக்கென்று செய்தது; மெல்லிய தகடு அதில் நிற்காமல் ஆடியது. தகரம் வெட்டி முட்டுக்கொடுக்க அவர் கையால் ஆகவில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மனைவி இன்பம்தான் வெட்டி, வளைத்துப் பொருத்தினாள்.

"மொதப் படம் உங்களத்தான்" என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல, லென்ஸ் மூடியை அரை நிமிஷம் திறந்துவைத்து எடுத்தாள்.

பாதரச அறையில் அவர் புகை காட்டிக் கழுவி எடுத்த தகட்டில் நாற்காலியும் சுவரும் துல்லியமாக விழுந்திருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மூட்டம்.

"தகடு ஆடியிருக்கும். நாந்தான் சரியா மாட்டல" என்றாள்.

"நாற்காலி ஆடலயே, இன்பம்." தகட்டைக் கீழே வைத்துவிட்டு அவரே, "இன்னொரு தகடு போடு" என்றார்.

அவள் பாதரச அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.